ஆற்றுப்படையும் அரண்மனை வழிகாட்டியும்

ஒரு நூல் வெளிவந்தால் அதற்கு மதிப்புரை எழுதுகிறோம். ஒரு நாடகம் மேடையேறினால் அதன் நிறைகுறைகளை ஆராய்கிறோம். ஆனால், வரலாற்று நூலின் பக்கத்தைக்கூடப் புரட்டியிராத பல்லாயிரம் பேருக்கு நாள்தோறும் வரலாற்றை வாய்மொழியாக வழங்கிவரும் ஒரு கலையைத் திறனாய்வாளர்கள் அரிதாகவே பொருட்படுத்துகின்றனர். பழம்பெரும் ஊர்களில் பயணிகளை நடத்திச் சென்று, இது இன்னது, அது இன்னது என்று எடுத்துரைக்கும் வழிகாட்டியின் சொற்கலையைத்தான் குறிப்பிடுகிறேன். கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றிவரும் வழக்கம் ஒருபுறமிருக்க, ஒரு குடும்பமோ ஒரு தனி மனிதரோ தமக்கென்றே ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, ஊரைக் கால்நடையாகவே பார்த்துத் திரும்பும் வழக்கமும் இன்று பெருகி வருகிறது. அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் கேட்டதையே அந்த ஊரின் வரலாறு என்று வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்போர் பலர். ஆகவே அந்தச் சொல்லின் தரத்தை ஆராய்வது இலக்கியத்தின் கடமைக்குப் புறம்பானதன்று.

வழிகாட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி நம்முடையது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகளே என்பதை வாசகர்கள் அறிவார்கள். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொருவனை வழியில் கண்டு, தான் சென்ற வழியையும் பெற்ற வளத்தையும் எடுத்துச் சொல்லி அவனையும் அங்கே செலுத்துகிறான். இந்த அமைப்பில் மூன்று பண்புகள் நம் கவனத்திற்குரியவை. முதலாவது, சொல்பவன் அங்கே போய் வந்தவன். தான் கண்டதைச் சொல்கிறான். இரண்டாவது, கேட்பவனின் தேவையை அறிந்து சொல்கிறான். மூன்றாவது, வழியின் இன்பங்களோடு இடர்களையும் மறைக்காமல் சொல்கிறான். பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம் நன்னனின் செல்வத்தைப் புகழ்வதோடு நின்றுவிடவில்லை. பன்றிகளைப் பிடிக்கத் தோண்டிய குழிகளையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்களையும், கால் வழுக்கும் பாறைகளையும் ஒவ்வொன்றாகச் சுட்டி எச்சரிக்கிறது. புரவலனைப் பாடும் பாட்டிலேயே அவனது நாட்டின் பள்ளங்களையும் காட்டிய நேர்மை அது.

இம்மரபு சங்க காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. 1901ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவரின் முயற்சியால் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றியபோது, புலவர்களை அதன்பால் ஆற்றுப்படுத்தும் வகையில் புலவராற்றுப்படை பாடியவர் நாகூர் குலாம் காதிறு நாவலர். பொருளும் பரிசிலும் தேடி அலைந்த பாணனின் இடத்தில் தமிழ்ப் புலமையைத் தேடும் புலவனை நிறுத்தி, பழைய வடிவத்துக்குப் புதிய பணியைத் தந்தார் அவர். நம் முன்னோர் இவ்விலக்கிய வகையை எவ்வளவு உரிமையோடு கையாண்டனர் என்பதற்கு இது ஒரு சான்று.

வழிகாட்டியின் சொல்லை எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கும் நம் இலக்கியத்தில் முன்மாதிரி உண்டு. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்குச் செல்லும் வழியை மாங்காட்டு மறையவன் கோவலனுக்கு விரித்துரைக்கிறான். வலப்புற வழி, இடப்புற வழி, இடைப்பட்ட வழி என மூன்றையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும் திறமையான வழிகாட்டி அவன். ஆனால் இடப்புற வழியைச் சொல்லும்போது தன் சமயச் சார்பையும் உடன் கலந்துவிடுகிறான். அங்கேயுள்ள பொய்கைகளில் மூழ்கினால் இன்னின்ன பேறுகள் கிட்டும் என்கிறான். சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் அவன்மீது சினம் கொள்ளவில்லை. அந்தப் பேறுகள் தமக்கு வேண்டா என்பதைத் தம் கொள்கை வழிநின்று அமைதியாக எடுத்துரைத்து, வழியைப் பற்றிய செய்தியை மட்டும் ஏற்றுக்கொள்கிறார். சொல்பவனின் நம்பிக்கை வேறு, அவன் தரும் செய்தி வேறு என்று பகுத்துக் கேட்கும் இந்தப் பக்குவம்தான் இன்றைய பயணிக்கு முதலில் வேண்டியது.

இந்த அளவுகோல்களைக் கையில் கொண்டு நாஞ்சில் நாட்டுப் பக்கம் செல்வோம்.

தோவாளையை இன்று பலரும் பூச்சந்தையால் அறிவார்கள். பொழுது புலரும் முன்பே பிச்சியும் மல்லியும் அரளியும் குவிந்து, விடிந்து வெயில் ஏறும் முன் கேரளத்துக்கும் குமரி மாவட்டம் முழுமைக்கும் பிரிந்து போய்விடும் ஊர் அது. அங்கே மடித்துக் கட்டப்படும் மாணிக்கமாலைக்கு 2025ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் தோவாளைக்கு இன்னொரு முகமும் உண்டு. பாண்டி நாட்டிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் நுழைவோருக்கு அதுவே வாயில். அருகேயுள்ள ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று மட்டுமா வந்தது? வணிகர் வந்தனர், படைகள் வந்தன, சமயங்களும் வந்தன. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது, 1809 பிப்ரவரி 10ஆம் நாள், கர்னல் செயின்ட் லெஜரின் தலைமையில் கும்பினிப் படை ஆரல்வாய்மொழி அரணைக் கைப்பற்றித் திருவிதாங்கூருக்குள் புகுந்தது. இந்த நாட்டை முறையாகச் சுற்றிக்காட்ட விரும்பும் எவரும் தோவாளையில் தொடங்கி, கோட்டாறு, இடலாக்குடி, தக்கலை வழியாகப் பத்மநாபபுரம் கோட்டைக்குச் செல்வதே இயல்பான வரிசையாகும்.

பத்மநாபபுரம் கால்நடையாகப் பார்ப்பதற்கென்றே அமைந்தது போன்ற கோட்டை நகரம். கருங்கல் மதில்களுக்குள்ளே அரண்மனையும், நீலகண்டசுவாமி கோயிலும், இராமாயணக் காட்சிகளை மரத்தில் செதுக்கிய இராமசுவாமி கோயிலும், நேரான தெருக்களும் உள்ளன. கல்குளம் என்று வழங்கிய இவ்வூர், மார்த்தாண்டவர்மர் காலத்தில் புதுப்பெயரும் புதுப்பொலிவும் பெற்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்து குமரி மாவட்டம் உருவாயிற்று. மண் தமிழகத்துக்கு வந்தது. அரண்மனையின் நிருவாகம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே நிலைத்துவிட்டது. ஒரே கட்டடம் இரு மாநிலங்களின் நினைவுகளையும் சுமந்து நிற்கும் இந்த நிலையே, அங்கே சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லையும் எடைபோடத் தூண்டுகிறது.

அரண்மனைக்குள் பொதுவாக நாம் கேட்பவை எவை? பூமுகத்தின் மரவேலைப்பாடு, அங்கே தொங்கும் குதிரைவீரன் விளக்கு, மந்திரசாலையின் பலகணிகளில் பதித்த அபிரகத் தகடுகள், தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டையின் வெண்கருவும் கலந்து கண்ணாடிபோல் மெருகேற்றிய கருந்தரை, 64 வகை மூலிகை மரங்களால் ஆனது என்று சொல்லப்படும் அரசரின் கட்டில், மேலும் கீழுமாக 2000 பேர் அமர்ந்து உண்ணக்கூடிய ஊட்டுப்புரை ஆகியவையே. இவற்றோடு, 1993இல் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளத் திரைப்படத்தின் காட்சிகள் எடுக்கப்பட்ட இடங்களும் இப்போது சேர்ந்துகொண்டன. திரைப்படத்தின் கற்பனைப் பாத்திரம் நடமாடிய அறையைக் காண்பதில் சிலருக்குள்ள ஆர்வம், உண்மையில் அங்கே வாழ்ந்தவர்களை அறிவதில் இல்லாதிருப்பது வருந்தத்தக்கது.

இவற்றைச் சொல்லக் கூடாது என்பது என் கருத்தன்று. தரையின் கலவையும் மரத்தின் இழைப்பும் பெயர் தெரியாத கைவினைஞர்களின் புலமைக்குச் சான்றுகள். அவை பேசப்பட வேண்டும். குறை வேறிடத்தில் உள்ளது. இச்செய்திகள் அனைத்தும் வியப்பு என்னும் ஒரே சுவையைக் குறிவைப்பவை. எண்ணிக்கை, அருமை, விந்தை ஆகிய மூன்றையும் மாறி மாறி அடுக்கினால் கேட்பவர் வாய்பிளந்து நிற்பார். ஆனால் வினவ மாட்டார். ஊட்டுப்புரையை எடுத்துக்கொள்வோம். 2000 பேர் உண்டார்கள் என்றவுடன் அரசரின் கொடை நம் கண்முன் விரிகிறது. உண்டவர் யார், உண்ண இடம் பெறாதவர் யார் என்னும் கேள்விகள் எழுந்தால் அதே மண்டபம் வேறொரு வரலாற்றைச் சொல்லத் தொடங்கும். அது அந்தணர்க்கு அன்னமிட்ட சாலை. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்ற நாஞ்சில் நாட்டில், சேற்றில் நின்று நாற்று நட்டவர்களுக்கு அந்தப் பந்தியில் இலை இல்லை. இதே அரசில்தான், சாணார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நெடுங்காலம் போராடி, 1859 ஜூலை 26ஆம் நாளைய அரசாணை வரை காத்திருக்க நேர்ந்தது. மெருகேற்றிய தரையைப் பார்க்கும் கண்ணுக்கு, அதன்மீது நடக்க உரிமை இல்லாதிருந்தவர்களையும் காட்டுவதே முழுமையான வழிகாட்டல்.

இன்னொரு செய்தியையும் நோக்குக. இந்த அரண்மனையில் அலுவல் பார்த்த நீலகண்ட பிள்ளை, குளச்சல் போரில் சரணடைந்து பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டி லனாயின் தொடர்பால் கிறித்துவம் தழுவி, 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்னும் பெயர் பெற்றார். 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அரண்மனையில் தொடங்கித் தோவாளை வட்டாரத்து மலையில் முடிந்த வாழ்க்கை அது. அரண்மனையின் எழிலைக் கூறுவோர் இந்த முடிவைக் கூறாது விடுவதும், காற்றாடிமலையில் கண்ணீர் மல்கக் கூறுவோர் அரண்மனையை வெறும் கொடுமைக் கூடமாக ஆக்கிவிடுவதும் ஒரே உண்மையின் இரு கூறுகளைத் தனித்தனியே விற்பதாகும். டி லனாயோ புலியூர்க்குறிச்சியை அடுத்த உதயகிரிக் கோட்டையில் 1777 முதல் உறங்குகிறார். டச்சுப் படையிலிருந்து வந்த அவருடைய கல்லறையில் இலத்தீனோடு தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. குளச்சலில் 1741இல் வென்றவரும் தோற்றவரும் பின்னர் ஓரணியில் நின்ற விந்தையை அந்த ஒரு கல்லே சொல்லிவிடும்.

தனி வழிகாட்டலில் உள்ள பேரிடர் இங்கேதான் வெளிப்படுகிறது. கூட்டத்துக்குச் சொல்பவர் எல்லோருக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருவருக்காக மட்டும் சொல்பவரோ அந்த ஒருவரின் பெயரையும் உடையையும் ஊரையும் பார்த்தே பேச்சை வகுத்துக்கொள்ள முடியும். கேரளத்திலிருந்து வருபவருக்கு மன்னர் புகழ், கிறித்துவ அன்பருக்குத் தேவசகாயம், நமக்கோ தக்கலையில் ஒரு ஜியாரத் என்று ஊர் துண்டு துண்டாகப் பங்கிடப்படலாம். மூவரும் மனநிறைவோடு திரும்புவர். மூவரும் மூன்று வேறு ஊர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவர். கேட்பவரின் காதுக்கு இனியதையே அளந்து தருவது வணிகத்தில் நல்ல முறையாக இருக்கலாம். வரலாற்றில் அது அண்டை வீட்டாரை ஒருவருக்கொருவர் அந்நியராக்கிவிடும்.

உண்மையில் இந்த ஊர்களின் சிறப்பே அவற்றின் நெருக்கத்தில் இருக்கிறது. அரண்மனைக்கு மிக அண்மையில், தக்கலையில், ஞானக் கவிஞர் பீர்முகம்மது அப்பா அடங்கியிருக்கிறார். ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானக்குறம், ஞானரத்தினக் குறவஞ்சி என அவர் தந்த நூல்களின் பெயர்களே, குறமும் குறவஞ்சியும் ஆகிய தமிழ் வடிவங்களில் இஸ்லாமிய மெய்ஞ்ஞானம் எவ்வளவு இயல்பாகக் குடியேறியது என்பதைக் காட்டும். ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை மக்கள் இரவெல்லாம் கூடியிருந்து ஓதுகின்றனர். மறுபுறம், கம்பர் வழிபட்டது என்று போற்றப்படும் சரசுவதி திருவுருவம் ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகச் செல்கிறது. ஒரு கவிஞரின் பெயரோடு இணைந்த ஊர்வலமும் இன்னொரு கவிஞரின் பாடலை ஓதும் இரவும் நடந்து கடக்கும் தொலைவில் அமைந்த ஊர் வேறெங்கே உண்டு? இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் வழிகாட்டியே தமிழறிந்த வழிகாட்டி.

கோட்டாற்றை அடுத்த இடலாக்குடிக்கும் இது பொருந்தும். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1874இல் பிறந்த ஊர் அது. 1907இல் சென்னையில் நூறு செயல்களை ஒரே வேளையில் நினைவில் நிறுத்திப் புகழ்பெற்றவர் என்ற வியப்புச் செய்தியோடு அவரை முடித்துவிடுவோர் பலர். சீறாப்புராணத்துக்கு உரை கண்டவரும் அவரே. வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற பூசலில் அவை அருட்பாவே என்று மேடையேறி வாதிட்டவரும் அவரே. முதற்செய்தி அவருடைய நினைவாற்றலைக் காட்டுகிறது. மற்றவை அவருடைய நெஞ்சத்தைக் காட்டுகின்றன. எதைச் சொல்வது என்னும் தேர்விலேயே வழிகாட்டியின் தரம் தெரிந்துவிடுகிறது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். வழிகாட்டி பேராசிரியர் அல்லர். அவருக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். வெயிலில் நடந்து களைத்த பயணி தேதிகளையும் பூசல்களையும் கேட்க விரும்புவாரா? அவருடைய பிழைப்பையும் நாம் எண்ண வேண்டாமா? இந்த மறுப்பில் நியாயம் உண்டு. சிறுவயதிலிருந்தே ஊரின் சந்துபொந்துகளை அறிந்து, மூன்று நான்கு மொழிகளில் பேசி, நாளெல்லாம் நின்று உழைக்கும் அவர்களை எள்ளி நகையாடுவது கற்றோர்க்கு அழகன்று. எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று எவரும் கேட்கவில்லை. கேட்பது ஒன்றே ஒன்று: சொல்வதன் தகுதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் மரபில் இதற்கு அரிய கருவி ஒன்று உண்டு. நபிமொழியைத் தொகுத்த பெரியோர்கள் செய்தியை மட்டும் பதிவு செய்யவில்லை. யார் யாரிடம் கேட்டார், அவர் எவரிடம் கேட்டார் என்னும் இஸ்னாத் என்ற தொடரையும் உடன் பதிவு செய்தார்கள். தொடரின் வலிமையை வைத்தே செய்தியின் வலிமையைத் தரம் பிரித்தார்கள். இந்த நெறியை எளிய அளவில் எவரும் கைக்கொள்ளலாம். டி லனாயின் கல்லறை எழுத்து கண்ணால் காணத்தக்கது. தேவசகாயம் பிள்ளையின் மறைவுக்கு நாளும் இடமும் குறிக்கப்பட்டுள்ளன. கட்டிலின் 64 மரங்கள் வழிவழியாகச் சொல்லப்படுவது. பீர்முகம்மது அப்பா நெசவுத் தொழில் செய்து வாழ்ந்தார் என்பதும் அவ்வாறே வழிவழி வந்த செய்தி. “கல்லில் இருக்கிறது”, “ஏட்டில் இருக்கிறது”, “ஊரார் சொல்வார்கள்” என்னும் மூன்று சொற்றொடர்களை உரிய இடத்தில் சேர்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? கதையின் சுவை அதனால் குறையாது. கேட்பவரின் அறிவு மதிக்கப்படும்.

பிறரை நோக்கி இதைச் சொல்லும் நாம் நம்மையும் நோக்கிச் சொல்லிக்கொள்ள வேண்டும். நம் தர்காக்களின் வாயிலில் வருவோர்க்கு நாம் சொல்வது என்ன? பெரும்பாலும் கராமத்துகளே. அப்பாவின் பாடல்களில் ஒன்றையேனும் பொருளோடு எடுத்துச் சொல்லி, தமிழ் யாப்பில் அவர் கண்ட ஆழத்தை வந்தவருக்குக் காட்டுவோர் எத்தனை பேர்? வந்தவர் மாற்றுச் சமயத்தவராயின் அற்புதக் கதை அவரை வியப்போடு அனுப்பிவிடும். பாடல் அவரை உறவோடு அனுப்பிவைக்கும். தல வரலாறு என்னும் பெயரில் அச்சாகும் நம் சிறுநூல்களில் ஆண்டும் சான்றும் இல்லாதிருப்பதை நாம் பொறுத்துக்கொண்டே, அரண்மனை வழிகாட்டியிடம் சான்று கேட்பது நேர்மையாகுமா? புகழ்மாலையும் வரலாறும் வெவ்வேறு பணிகள் உடையவை. இரண்டையும் கலந்து பரிமாறியதில் நாமும் பங்காளிகளே.

இதற்கு நம்முன் ஓர் உயர்ந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்த இப்னு பதூதா, அங்கே ஆண்ட சுல்தான் கியாசுத்தீனுக்குத் திருமண வழியில் உறவினர்; அவருடைய விருந்தினர். இருந்தும், சிறைப்பட்ட மக்களையும் அவர்தம் பெண்டிர் பிள்ளைகளையும் அந்த சுல்தான் கொன்ற கொடுமையைத் தம் பயண நூலில் மறைக்காமல் பதிவு செய்து கண்டித்தார். உப்பிட்டவர், உறவினர், ஒரே மார்க்கத்தவர் என்னும் மூன்று கட்டுகளும் அவருடைய எழுதுகோலைத் தடுக்கவில்லை. புரவலனின் மலையில் உள்ள குழிகளையும் காட்டிய பழந்தமிழ்ப் புலவரும், உறவினரின் கொடுமையை எழுதிய மக்ரிபு நாட்டு யாத்ரீகரும் ஒரே அறத்தின் வழி நின்றவர்களே.

தனிப் பயணத்தின் இடரைச் சொன்னேன். அதன் பேற்றையும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் வினா எழுப்ப இயலாது. பின்னால் வருவோர் தள்ளுவர். தனியே நடக்கையில் நிற்கலாம், திரும்பலாம், கேட்கலாம். ஒரு நல்ல கேள்வி ஒரு வழிகாட்டியை ஆசிரியராக்கிவிடும். “இங்கே உண்டவர் யார்?”, “இந்த மதிலுக்கு வெளியே யார் குடியிருந்தார்கள்?”, “இதைத் தாங்கள் எவரிடம் கேட்டறிந்தீர்கள்?” என்று மரியாதையோடு வினவும் பயணிகள் பெருகினால், அடுத்த முறை அதற்கு விடை தேடி வைத்திருப்பவர் அந்த வழிகாட்டியாகவே இருப்பார். கூலி கொடுப்பவர் புகழுரையை விலைக்கு வாங்கலாம், உண்மையையும் விலைக்கு வாங்கலாம். எது வேண்டும் என்று கேட்கிறாரோ அதுவே சந்தைக்கு வரும். எங்கள் மன்னர், எங்கள் புனிதர், எங்கள் அவுலியா என்று மூன்று வரிசைகளாகப் பிரிந்து செல்வோருக்குப் பத்மநாபபுரமும் தக்கலையும் ஆரல்வாய்மொழியும் தம் பாதியை மறைத்துக்கொள்ளும். அண்டையாரின் நினைவையும் கேட்டறியத் துணிந்து நடப்பவருக்கே தோவாளை வாயில் முழுமையாகத் திறக்கும்.